அந்தக் கம்பி என்னுடையது

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே,

சிங்கப்பூர் ஈசூனில் நம் அடுக்குமாடிப் புளோக்கின் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் எல்லாருக்கும், கீழே மாமா கடை என்கிற மளிகைக்கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். குழுவிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் அங்கே நாலு வரிக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை, படிக்காமலேயே கட்டைவிரல் மட்டும் வருகிறது. அதனால்தான் திறந்த மடலாகவே எழுதிவிட்டேன். ஒரு பிரதியைக் கடைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை இரவு 9.52க்குக் குழுவில் வந்த காணொளி மொத்தம் 17 விநாடி. ஒரு பையன் கையில் நீளமாக ஒரு கம்பி. எதிரே இன்னொரு பையன். யாரோ கத்துகிறார்கள். எதிரே நின்றவன் விழுகிறான். அவ்வளவுதான்.

அந்தக் கம்பி என்னுடையது.

கடை ஷட்டரை இழுத்து மூட, முனையில் கொக்கி வைத்த ஒரு கம்பி இருக்குமே, அதுதான். தோள்பட்டை வலி வந்த பிறகு என்னால் ஒரே இழுப்பில் இழுக்க முடியவில்லை. உயர்நிலை மூன்றில் படிக்கும் அந்தப் பையன்தான் இரண்டு வருடமாக ராத்திரி வந்து இழுத்துவிட்டுப் போகிறான். கூலி ஒரு பாக்கெட் மைலோ. வெள்ளிக்கிழமையும் அதற்காகத்தான் கம்பியைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்து மற்றவன் வந்து சேர்ந்தான்.

சண்டைக்குக் காரணம் என்ன தெரியுமா? இந்தப் பையனின் அம்மா துப்புரவு வேலை பார்ப்பவர். சீருடையோடு துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கும் படம் ஒன்றை மற்றவன் எங்கிருந்தோ எடுத்து, ஸ்டிக்கராகச் செய்து வகுப்புக் குழுவில் போட்டிருக்கிறான். ஒருவன் போட்டதும் வரிசையாக மற்றவர்களும் போட்டிருக்கிறார்கள். நாலு நாளாக இது நடந்திருக்கிறது. (இதை எழுதலாமா என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். “எழுதுங்கண்ணே, நான் ஒண்ணும் திருடப் போகலையே” என்றார்.)

பொய் சொல்ல மாட்டேன், பையன் கம்பியை ஓங்கினான். நான் கல்லாவுக்குப் பின்னாலிருந்து “டேய், கம்பியைக் கீழே வை!” என்று கத்தினேன். காணொளியில் கேட்கும் அந்தக் கத்தல் என்னுடையதுதான், எந்தக் கும்பல் தலைவனுடையதும் அல்ல. அவன் கையை இறக்கினான். மற்றவன் பயந்து பின்னால் போகும்போது என் ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டியிருந்த தண்ணீரில் சறுக்கி விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு. மஞ்சள் மருந்து போட்டு பிளாஸ்டர் ஒட்டினேன். இருவரும் கைகுலுக்கிக்கொள்ளவில்லை, சமாதானமும் ஆகவில்லை. ஒருவன் லிஃப்ட் பக்கம் போனான், ஒருவன் பேருந்து நிறுத்தத்துப் பக்கம் போனான். மைலோ கல்லா மேலேயே இருந்தது.

அப்புறம் குழுவில் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். 10.15க்குக் கம்பி பாராங் கத்தி ஆகிவிட்டது. 10.40க்கு விழுந்த பையனை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எந்த ஆம்புலன்ஸ் என்று எனக்குத் தெரியவில்லை, நான் 11 மணிவரை கடையில்தான் இருந்தேன். 11 மணிக்கு அது குண்டர் கும்பல். நடுவில் ஒருவர் கேட்டார்: “நம்ம ஆளா, வேற ஆளா?” அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் முதலில் அதுதான் ஓடும். இந்த ஊரில் இந்தியர்கள் நாம் நூற்றுக்கு ஒன்பது பேர்தான். எங்காவது அடிதடிக் காணொளி வந்தால் முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்போம், கடவுளே நம் பிள்ளையாக இருக்கக் கூடாது என்று. நம் பிள்ளை இல்லையென்று தெரிந்தால் ஒரு பெருமூச்சு. பெருமூச்சு விட்டதும் காணொளியை அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவோம்.

சனிக்கிழமை காலை ஏதோ ஒரு சமூக ஊடகப் பக்கம் அதை எடுத்துப் போட்டது. கீழே வந்த கருத்துகளில் பாதி, “ஈசூன்தானே, வேறென்ன எதிர்பார்க்க முடியும்?” ஈசூனைக் கேலி செய்வது இந்த ஊரில் ஒரு பொழுதுபோக்கு. இரண்டு லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்தில் வாரம் ஒரு கூத்து நடக்கத்தான் செய்யும். வேறு பேட்டையில் நடந்தால் செய்தி, இங்கே நடந்தால் சிரிப்பு. பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு எல்லாமே அதற்குச் சாட்சியாகிவிடுகிறது. பையன்களுக்கும் இதே கதிதான் என்பதால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துத் தாள் வந்துவிட்டது. வாய்ட் டெக்கில், அதாவது புளோக்குக்குக் கீழே உள்ள திறந்த தளத்தில், இருக்கும் கல் மேசை நாற்காலிகளை எடுத்துவிட வேண்டும், பந்து விளையாடத் தடை வேண்டும், இன்னும் கேமரா வேண்டும். குடியிருப்பாளர் குழு வழியாக நகர மன்றத்துக்கு அனுப்பப் போகிறீர்களாம். என் கடைக்கு எல்லாரும் வருவார்கள் என்பதால் தாளை என் கல்லாவிலேயே வைத்துவிட்டுப் போனீர்கள். அதன் முதல் வரி: “இளையர்களிடையே வன்முறை நாளுக்கு நாள் பெருகிவருவதால்…”

நான் கேட்க வந்தது அந்த முதல் வரியைப் பற்றித்தான். பெருகிவருகிறதா?

1996இல் என் மாமனார் கையிலிருந்து இந்தக் கடையை வாங்கினேன். அப்போது நம் படிக்கட்டுகளில் 3, 6, 9 என்று எண்கள் கிறுக்கியிருக்கும். அது கணக்குப் பாடம் அல்ல, குண்டர் கும்பலின் அடையாளம் என்று உங்களில் பழையவர்களுக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் இருபது முப்பது பேர் கல் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். “என்ன முறைக்கிறே?” என்ற ஒரு வார்த்தை போதும். நிலைமை மோசம் என்றுதான் 1995இல் பல அமைச்சுகள் சேர்ந்து இளையர் குற்றங்களுக்கென்றே ஒரு குழு அமைத்தன. 1997இல் போலிஸ் வழிகாட்டித் திட்டத்தைக் கொண்டுவந்தது. சின்னத் தப்பு செய்து முதல்முறை பிடிபட்ட பிள்ளையை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், ஆறு மாதம் ஆலோசகரோடு உட்காரவைத்து, ஒழுங்காக முடித்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடும் திட்டம். நம் புளோக்கிலேயே அப்படிப் போய்வந்த ஒருவர் இன்று பேருந்து ஓட்டுகிறார். காலையில் என்னிடம்தான் பேப்பர் வாங்குகிறார்.

2000க்குப் பிறகு சிவப்புச் சாயக் காலம் வந்தது. வட்டிமுதலைகள் பதினாறு பதினேழு வயதுப் பையன்களுக்கு ஐம்பது நூறு வெள்ளி கொடுத்து, கடன் வாங்கியவர் வீட்டுக் கதவில் சாயம் ஊற்ற அனுப்புவார்கள். ஏழாவது மாடியில் கதவு மாறி ஊற்றிவிட்டுப் போனதை மறந்துவிட்டீர்களா? கழுவ என் கடையிலிருந்துதான் தின்னர் போனது.

2010 அக்டோபர் 30. பாசிர் ரிஸ் டௌன்டவுன் ஈஸ்ட்டில் பட்டப்பகலில், குடும்பங்கள் நடமாடும் இடத்தில், 19 வயது மாணவர் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். தொடக்கம் முறைத்துப் பார்த்ததுதான். அந்த வாரம் முழுக்க நம் புளோக் பிள்ளைகள் யாரும் ஒன்பது மணிக்கு மேல் கீழே இல்லை. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது, அதை நான் குறை சொல்லவில்லை.

2021 ஜூலை 19, ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளி. பள்ளிக்கூடக் கழிவறையில் 16 வயது மாணவன், முன்பின் தெரியாத 13 வயது மாணவனைக் கோடரியால் கொன்றான். அன்று மதியம் கடைக்கு வந்த ஒரு தாய் பால் டின்னைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். அவர் பிள்ளை வேறு பள்ளி. 2023 டிசம்பரில் அந்த மாணவனுக்கு 16 ஆண்டுச் சிறை விதித்தார்கள். கடுமையான மனச்சோர்வு இருந்தது என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதற்கு முன்பே தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவன் அவன். அது கும்பல் சண்டை அல்ல, முறைப்பும் அல்ல. அதை டௌன்டவுன் ஈஸ்ட்டோடு ஒரே மூட்டையில் கட்டி “இளையர் வன்முறை” என்று லேபிள் ஒட்டினால், இரண்டையும் நாம் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

நான் செய்தித்தாள் விற்பவன். நாலு மொழித் தாளும் காலை ஆறு மணிக்கு என் வாசலில் வந்து விழும். முன்பெல்லாம் நாலு கட்டு, இப்போது ஒரு கைக்குள் அடங்கிவிடுகிறது. இத்தனை வருடத்தில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். ஒரு குற்றம் ஒரு செய்தியாக வருவதில்லை. நடந்த அன்று முதல் பக்கம். மறுநாள் குற்றம் சாட்டப்பட்ட செய்தி. பிறகு விசாரணை, பிறகு தண்டனை, நடுவில் முறையீடு இருந்தால் அதுவும். 2021இல் நடந்த ஒன்று 2023 முடியும்வரை வந்துகொண்டே இருந்தது. அவசரத்தில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுச் சில்லறை வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அது நாலு தனித்தனிக் கொலைபோலத் தெரியும். இதில் ஆசிரியர்கள் மேல் தப்பில்லை, நீதிமன்றம் நடக்கும் விதம் அப்படி.

இன்னொன்று. 18 வயதுக்குக் கீழே இருப்பவரின் பெயரையோ படத்தையோ வெளியிடச் சட்டம் விடாது. நல்ல சட்டம், இருக்கத்தான் வேண்டும். ஆனால் தாளில் “16 வயது இளையர்” என்று மட்டும் வரும்போது என்ன ஆகிறது? அடுத்த நாள் கடைக்கு வரும் பதினாறு வயதுப் பையன் எவனைப் பார்த்தாலும் மக்கள் கைப்பையைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறார்கள். என் கண்ணால் பார்த்தது.

சரி, எண்ணுக்கு வருவோம். நம் முதல் வரிக்கு எண் ஏதும் இல்லை என்பதால் நான் ஒன்று தருகிறேன். 2024இல் கல்வி அமைச்சு சொன்னது: அதற்கு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியாக, வருடத்துக்குத் தொடக்கப்பள்ளி மாணவர் 1,000 பேருக்கு 2 பகடிவதைச் சம்பவங்கள், உயர்நிலைப் பள்ளியில் 1,000 பேருக்கு 6. என் கடைக்கணக்கில் சொன்னால், ஆயிரம் பேர் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. அதிகமா, குறைவா? எனக்குக் குறைவாகத்தான் தோன்றுகிறது, நம்பமுடியாத அளவுக்குக் குறைவு. காரணம், இது பள்ளியின் காதுக்கு வந்த கணக்கு. அந்த ஸ்டிக்கர் விவகாரம் இந்தக் கணக்கில் ஏறவே ஏறாது. பையன் யாரிடமும் சொல்லவில்லை. ஷட்டர் கம்பி கையில் இல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

ஆக, ஊடகம் ஊதிப் பெருக்குகிறது, எல்லாம் சும்மா என்று சொல்ல நான் வரவில்லை. 2024லும் 2025லும் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் பிள்ளைகளை அடிக்கும் காணொளிகள் வந்தபோதுதான் ஊரே பேசியது. கல்வி அமைச்சும் பகடிவதை பற்றி முழுமையாக ஆராய இறங்கியது. அந்தக் கேமராக்கள் இல்லையென்றால் அடிவாங்கிய பிள்ளைகள் இன்றும் வாயை மூடிக்கொண்டு பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். என் காலத்தில் கழிவறைக்குப் பின்னால் நான் வாங்கிய அடிக்குச் சாட்சியும் இல்லை, படமும் இல்லை, புள்ளிவிவரமும் இல்லை. அப்போது வன்முறை குறைவு என்று சொல்கிறவர்கள் அடித்த பக்கம் இருந்தவர்களாக இருக்கலாம்.

என்னைக் கேட்டால், கத்தியும் கும்பலும் நான் கடை எடுத்த காலத்தைவிடக் குறைவு. படிக்கட்டில் எண் பார்த்தே பல வருடம் ஆகிறது. கைபேசிக்குள் நடக்கும் கொடுமை கூடியிருக்கிறது, அது அடியாக வெளியே வரும்போது மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது. அது வெறும் 17 விநாடி. மிச்சம் நாலு நாளை யாரும் படம் எடுக்கவில்லை.

படம் எடுக்கப்படாத வேறு விஷயங்களும் இருக்கின்றன. 2022இல் இந்த ஊரில் 10 முதல் 29 வயதுக்குள் 125 பேர் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். அந்த வயதினரின் மரணத்துக்கு அதுதான் முதல் காரணம். நம் குழுவில் அதைப் பற்றி ஒரு செய்திகூட வந்ததாக எனக்கு நினைவில்லை. (பேச ஆள் வேண்டுமென்றால் 1767, எந்த நேரமும் எடுப்பார்கள். கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.) மோசடிக் கும்பல்களிடம் ஊர் இழந்தது 2024இல் மட்டும் 110 கோடி வெள்ளிக்கு மேல். அந்தப் பணம் கைமாற வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்டு மாட்டியவர்களில் பதினாறு பதினேழு வயதினரும் உண்டு. கல் மேசையில் உட்கார்ந்து ஒருவன் தன் வங்கிக் கணக்கை விற்கும்போது பார்ப்பதற்குச் சாதுவாகத்தான் இருப்பான். யாருக்கும் தொந்தரவில்லை.

இப்போது மேசைக்கு வருகிறேன். இது புது யோசனை இல்லை. சில வருடங்களுக்கு முன் லிஃப்ட் பக்கம் இருந்த நீள பெஞ்சை இப்படித்தான் எடுக்க வைத்தோம். நானும் கையெழுத்துப் போட்டேன், மறைக்கவில்லை. சத்தம் தாங்கவில்லை. பையன்கள் எங்கே போனார்கள்? நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவிலுள்ள படிக்கட்டுக்கு. அங்கே ஐந்தாம் மாடி அக்கா சத்தம் போட்டதும் கார் நிறுத்தக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு. பெஞ்சில் இருந்தவரை யார் யாரோடு இருக்கிறான், யார் இரண்டு நாளாக வரவில்லை, யார் கண் சிவந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். மொட்டை மாடியில் என்ன நடந்தது என்று தெரியாது. அங்கே கூட்டிப் பெருக்குபவர் சொல்லித்தான் வேப் குப்பி கிடந்தது தெரியவந்தது. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த வேப்பைத்தான் கேபாட் என்கிறார்கள், அந்த எட்டோமிடேட்டை 2025 செப்டம்பர் 1 முதல் அரசாங்கம் போதைப்பொருள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. இந்த எழவைப் பிள்ளைகள் எங்கே இழுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? என் கல்லாவுக்கு எதிரேயா?

கேமரா கேட்டிருக்கிறீர்கள். 2012இலிருந்து போலிஸ் வைத்த கேமராக்கள் 10,000 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளிலும் கார் நிறுத்தக் கட்டடங்களிலும் இருக்கின்றன. நம் லிஃப்ட் வாசலிலும் ஒன்று இருக்கிறது. நடந்து முடிந்த பிறகு யார் செய்தார் என்று சொல்ல அது நல்ல சாமான். ஆனால் “டேய், கம்பியைக் கீழே வை” என்று அது கத்தாது. சும்மா தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு வயது 61, தோள் வலிக்கிறது, கடைக் குத்தகை இன்னும் எத்தனை வருடம் என்று தெரியாது. கத்த இன்னும் சிலர் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? அந்தக் காணொளி மூன்றாம் மாடித் தாழ்வாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. கோணத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எடுத்தவருக்கு அந்தப் பையனின் பெயர் தெரியும், சின்ன வயதில் அவர் வீட்டுத் தீபாவளி முறுக்கைத் தின்று வளர்ந்தவன் அவன். மேலிருந்து பெயர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அவன் நிமிர்ந்து பார்த்திருப்பான். நீங்கள் யார் என்று நான் எழுதப் போவதில்லை, எப்போதும்போல அரிசி வாங்க வாருங்கள். ஆனால் அந்தக் காணொளியை எல்லாக் குழுக்களிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தவரையிலாவது. அவன் முகம் தெளிவாகத் தெரிகிறது. நீதிமன்றத்துக்குப் போயிருந்தால்கூடச் சட்டம் அந்த முகத்தை மறைத்திருக்கும். 2019இல் குற்றப் பொறுப்புக்கான வயதை 7இலிருந்து 10க்கு உயர்த்தச் சட்டம் நிறைவேற்றியபோது இதே குழுவில், பாவம், குழந்தைகள் என்று எழுதியவர்கள் நாம். பதினைந்து வயதாகிவிட்டால் பாவம் இல்லையா?

பையன் திங்கட்கிழமை பள்ளிக்குப் போகவில்லை, செவ்வாயும் போகவில்லை. நேற்று அவன் அம்மா வேலை முடிந்து சீருடையோடு நேராகக் கடைக்கு வந்தார். பள்ளியில் அவரையும் மற்றப் பையனின் பெற்றோரையும் வரச் சொல்லியிருக்கிறார்களாம். தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் பேச வசதியாக இருக்கும் என்று என்னிடம் ஒரு தாள் கேட்டார். கல்லாவில் வேறு தாள் கிடைக்கவில்லை, உங்கள் கையெழுத்துத் தாளின் பின்பக்கம் காலியாக இருந்தது. கொடுத்துவிட்டேன். அதில் ஏற்கெனவே மூன்று கையெழுத்து இருந்தது. அந்த மூவரும் என்னை மன்னிக்க வேண்டும். வேறு தாள் வேண்டுமென்றால் புதிதாக அச்சடித்துக் கொண்டுவாருங்கள், வைத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் வரியை மாற்றி எழுதிக் கொண்டுவாருங்கள்.

ராத்திரி ஷட்டரை நானேதான் இழுக்கிறேன். பாதியில் சிக்கிக்கொள்கிறது. ஒன்பதரை வாக்கில் அந்தப் பக்கம் வருபவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள். மைலோ உண்டு.

இப்படிக்கு,
கீழ்த்தளத்து மாமா கடைக்காரன்
ஈசூன்